மடிக்கணினிக்கும் மூச்சு முட்டும்!

மறுநாள் காலை வானொலியில் ஒலியேற வேண்டிய பேட்டி. புக்கிட் ரோத்தான் தோட்டத்தில் பெரியம்மா வீட்டு மெத்தைமேல் மடிக்கணினியை வைத்துத் தொகுத்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் அடுப்பாய்க் கொதித்தது, திரை நகரவேயில்லை.

“புதுசு வாங்கிடும்மா” என்றார் பெரியம்மா. ஈராயிரம் ரிங்கிட்டுக்கு எங்கே போவது?

அண்ணன் கணினியைத் திருப்பிப் பார்த்தார். “மூக்கைப் பொத்துனா எப்படி மூச்சு விடும்?” காற்றுத் துளைகளை மெத்தை அடைத்திருந்தது, உள்ளே செம்மண் புழுதி வேறு.

செயலி 100 டிகிரி செல்சியசை நெருங்கினால், கருகாமலிருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால்தான் அந்த ஆமை வேகம்.

மின்சாரத்தைத் துண்டித்து, ஆறவிட்டு, அடிமூடியைக் கழற்றினார். உத்தரவாதக் காலம் முடிந்திருந்ததால் துணிந்தார். விசிறி சுழலாதபடி பல்குச்சியால் பிடித்துக்கொண்டு, மென்தூரிகையால் தூசியைத் தட்டினார். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தி, செயலியை விழுங்கிக்கொண்டிருந்த தேவையற்ற செயலிகளை மூடினோம்.

உங்கள் கணினியின் மின்கலம் உப்பியிருந்தால் மட்டும் கைவைக்காதீர்கள், கடைக்குக் கொண்டுபோங்கள்.

இரவு பத்துக்குப் பேட்டி தயார். கணினிக்கு மேசை, மெத்தை எனக்கு!