சோயா அவரைக்கு உழைத்த வில்லியம் மோர்ஸ்

சோயா அவரை கிழக்காசிய மக்களின் பழம்பயிர். சீனரும் கொரியரும் ஜப்பானியரும் பல நூற்றாண்டுகளாக அதனைப் பயிரிட்டு, தத்தம் மண்ணுக்கும் உணவுக்கும் ஏற்ற வகைகளைத் தேர்ந்து போற்றி வந்தனர். அப்பயிரை அமெரிக்க மண்ணில் வேரூன்றச் செய்தவர்களுள் முதன்மையானவர் வில்லியம் மோர்ஸ் (1884–1959). அவருடைய தொண்டின் சிறப்பையும், அத்தொண்டின் பயனில் நேர்ந்த இழப்பையும் ஒருங்கே அறிதல் வேண்டும்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்ற மோர்ஸ், 1907-ஆம் ஆண்டு அமெரிக்க வேளாண்மைத் துறையில் சேர்ந்து, பைப்பர் என்னும் அறிஞரின் கீழ்ப் பணியாற்றினார். அந்நாளில் அமெரிக்க உழவர் சோயாவைப் பெரும்பாலும் கால்நடைத் தீவனமாகவே விதைத்தனர். மோர்ஸ், வாஷிங்டன் நகரை அடுத்த ஆர்லிங்டன் பண்ணையில் பல நாட்டு வகைகளை விதைத்து, அவை முதிரும் காலத்தையும் காய்ப்பையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். 1923-இல் பைப்பரும் அவரும் சோயாவைப் பற்றி எழுதிய நூல், அத்துறையில் நெடுங்காலம் வழிகாட்டியாக விளங்கியது.

இத்துணை வகைகளை ஆராய வேண்டிய தேவை யாது? கார்னர், அல்லார்டு என்னும் இருவர் 1920-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. பிலாக்சி என்னும் சோயா வகையை அவர்கள் பல நாள் இடைவெளி விட்டு விட்டு விதைத்தனர். முன் விதைத்ததும் பின் விதைத்ததும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பூத்தன. செடியின் வயதைவிடப் பகற்பொழுதின் நீளமே பூக்குங் காலத்தை முடிவு செய்தது என்பது தெளிவாயிற்று. பகலின் நீளமோ வடக்கே செல்லச் செல்ல மாறுபடும். ஆகவே ஒரு வட்டாரத்தில் செழிக்கும் வகை, வடக்கிலோ தெற்கிலோ தொலைவில் விதைத்தால் உரிய காலத்தில் முதிராது. பரந்த நாடொன்றுக்குப் பல வகைகள் இன்றியமையாதவை.

அவ்வகைகளைத் தேடி 1929-இல் மோர்ஸும், முதியவரான டார்செட்டும் கிழக்காசியா சென்றனர். ஜப்பான், கொரியா, மஞ்சூரியா, சீனம் ஆகிய இடங்களில் 1931 வரை சுற்றி, ஏறத்தாழ 4,500 சோயா விதை மாதிரிகளைத் திரட்டினர். தோஃபு, மிசோ முதலிய உணவுகளை மக்கள் செய்யும் முறைகளையும் எழுதி வைத்தனர்.

இவ்வளவு பாடுபட்டுத் திரட்டிய விதைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே பிற்காலத்துக்கு எஞ்சியது. சோயா விதை சாதாரண அறையில் சில ஆண்டுகளிலேயே முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். குளிர்ச் சேமிப்பு இல்லாத நிலையில், மீண்டும் மீண்டும் விதைத்தே அதைக் காக்க வேண்டும். உடனடிப் பயன் தராதவை என்று கருதப்பட்டவை கைவிடப்பட்டன. அமெரிக்க அரசு முறையான சோயா விதைத் தொகுப்பை அமைத்தது, மோர்ஸ் ஓய்வுபெற்ற 1949-ஆம் ஆண்டிலேதான்.

கைவிடுதலின் தீங்கை ஐந்தே ஆண்டுகளில் நிகழ்ந்த ஒன்று உணர்த்திற்று. 1954-இல் வட கரோலினாவில், சோயா வேரை அழிக்கும் நூற்புழு காணப்பட்டது. ஆயிரக்கணக்கான வகைகளைச் சோதித்தபோது எதிர்த்து நின்றவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று பீக்கிங். அது மோர்ஸின் பயணத்துக்கு முன்பே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்திலிருந்து வந்த வகை. விதை சிறியது, நிறம் கறுப்பு, எண்ணெய் ஆலைகள் விரும்பாதது. அதன் எதிர்ப்புப் பண்பு கருநிறத்தோடு பிணைந்திருந்தமையால், பிரித்தெடுப்பதும் எளிதன்று. பயிர் ஆய்வாளர்கள் அதனை நல்ல விளைச்சல் தரும் லீ வகையோடு கலந்து, பல தலைமுறைகள் தேர்ந்து, 1960-களில் பிக்கட் என்னும் மஞ்சள் விதை வகையை உழவர்க்கு அளித்தனர்.

பயனற்றதெனத் தோன்றிய கருவிதை ஒன்று பயிரைக் காத்தது. அதனைப் போற்றிவைத்த சீன உழவரின் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை. கைவிடப்பட்ட பல்லாயிரம் விதைகளில் எத்தகைய பண்புகள் அழிந்தன என்பதையும் இனி அறிய வழியில்லை. விதையைத் தேடிக் கொணர்வது பாதித் தொண்டே. பயன் தெரியாத காலத்திலும் அதைக் காத்து வைப்பதே மறுபாதி.