புளியங்கொட்டையும் கருவிழியும்

உத்திரமேரூர்ப் பக்கம் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டத்திலும் நெல் விளைகிறது. அறுக்கும்போதும் களத்தில் தூற்றும்போதும் உமியோ சுணையோ கண்ணில் விழுவது சகஜம். தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கருவிழியில் கீறல் விழுந்து அதன் வழியே கிருமி இறங்கினால்தான் ஆபத்து. புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நின்று பார்வையை மறைத்துவிடும். 1990-களில் மதுரை மாவட்டத்தில் எடுத்த கணக்கின்படி, ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்கு இந்தப் புண் வந்தது. அமெரிக்காவில் அது 11 தான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1997-இல் வெளியிட்ட ஆய்வில், புண்ணோடு வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குக் கண்ணில் ஏற்கெனவே காயம் பட்டிருந்தது. அதிலும் பெரும்பாலும் வயல் வேலையில் பட்ட காயம்.

இந்தப் புண்ணுக்கு மருந்து உண்டு. ஆனால் அது கண்ணில் நிற்பதில்லை. பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோலிட்டர் இருக்கும். கண்ணில் எப்போதும் உள்ள கண்ணீரோ சுமார் 7 மைக்ரோலிட்டர்தான். கொள்ளாதது கன்னத்தில் வழிகிறது. உள்ளே நின்றதையும், இமை கொட்டக் கொட்ட, மூக்கோரத்துத் துளை மூக்குக்குள் இழுத்துவிடுகிறது. மருந்து விட்ட சற்று நேரத்தில் தொண்டை கசப்பது அதனால்தான். விட்டதில் நூற்றுக்கு ஐந்து பங்குகூடக் கண்ணுக்குள் போய்ச் சேர்வதில்லை. ஆகவேதான் கடுமையான புண்ணுக்கு மணிக்கொரு தரம், இரவிலும் எழுந்து, சொட்டு விடச் சொல்கிறார்கள். நடவுக்குப் போகும் கூலிப்பெண்ணுக்கும், துணைக்கு ஆளில்லாத முதியவருக்கும் இது நடக்கிற காரியமா? களிம்பு அதிக நேரம் நிற்கும். ஆனால் பார்வை மங்கும்.

மருந்தைக் கண்ணில் நிறுத்திவைக்கும் வழி கண்ணின் மேற்பரப்பிலேயே இருக்கிறது. அங்கே மியூசின் என்ற வழவழப்பான பொருள் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. அது புரதத் தண்டில் சர்க்கரைக் கிளைகள் அடர்ந்த மூலக்கூறு. மருந்தோடு தகுந்த பாலிமரைச் சேர்த்தால், அதன் நீண்ட சங்கிலிகள் இந்தக் கிளைகளைப் பற்றிக்கொள்ளும். மருந்தும் அவற்றோடு தங்கும். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பாலிமருக்கு நேர்மின்னூட்டம், மியூசினுக்கு எதிர்மின்னூட்டம், இரண்டும் ஈர்த்துக்கொள்கின்றன. 2007-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அசித்ரோமைசின் சொட்டில் இருப்பது பாலிகார்போபில் என்ற இன்னொரு பாலிமர். பாக்டீரியாவால் கண் சிவப்பவர்களுக்கு அதை முதல் இரண்டு நாள் இருவேளை, அடுத்த ஐந்து நாள் ஒருவேளை விட்டால் போதும்.

என்னை மிகவும் வியக்கவைத்தது புளியங்கொட்டைதான். தஞ்சாவூர் ஓவியத்தில் சுண்ணப்பொடியைக் குழைக்க அதன் பசையைப் பயன்படுத்துவதுண்டு. அந்தப் பசைக்குக் காரணமான சர்க்கரைச் சங்கிலி சைலோகுளுக்கான். அதுவும் மியூசினைப் போலவே கிளைவிட்ட அமைப்பு உடையது. இத்தாலி ஆய்வாளர்கள் அதை ரூஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கோடு கலந்து, கிருமி தொற்றிய முயல்களின் கண்ணில் விட்டுப் பார்த்தார்கள். 2004-இல் முடிவு வெளியானது. பசை கலந்த மருந்தை விடும் இடைவெளியை நீட்டியபோதும் கருவிழியில் கிருமி கணிசமாகக் குறைந்தது. சொட்டின் எண்ணிக்கையைக் குறைக்க வழி பிறந்துவிட்டது! கண் உலர்வுக்கான சில சொட்டுகளில் இந்தப் பசை ஏற்கெனவே இருக்கிறது. கருவிழிப் புண்ணுக்கும் இப்படியொரு மருந்து, கூலித் தொழிலாளி வாங்கக்கூடிய விலையில், வரவேண்டும். நம் ஊர் மருந்தியல் கல்லூரிகள் கையில் எடுக்கவேண்டிய வேலை இது.

அதுவரை நேரம்தான் நமக்குத் துணை. நேபாளத்தின் பக்தபூரில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில், கீறல் விழுந்த 18 மணி நேரத்துக்குள் குளோராம்பெனிகால் களிம்பு போடத் தொடங்கிய ஒருவருக்கும் புண் வரவில்லை. ஆகவே கண்ணில் உமி பட்டு உறுத்தல் நீடித்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். தாய்ப்பால், இலைச்சாறு வேண்டாம். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு அறவே வேண்டாம். மருத்துவர் தந்த மருந்தை ஒரு சொட்டு மட்டும் விட்டு, கண்ணை மூடி, மூக்கோரம் விரலால் இரண்டு நிமிடம் மெல்ல அழுத்திக்கொள்ளுங்கள். அடுத்த மருந்தை ஐந்து நிமிடம் கழித்து விடுங்கள். உடனே விட்டால் முதல் சொட்டையும் அது அடித்துக்கொண்டு போய்விடும்.