புது ராட்டினம் போட்டால் புதுக் கிணறு ஆகுமா?

மருந்து விலையைப் பற்றி ஒரு வழக்கு நடந்தது. சென்னையில் தொடங்கியது, டில்லியில் முடிந்தது. மனுப் போட்ட நாளிலிருந்து கடைசித் தீர்ப்பு வரை ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆயின.

வழக்கு ஒரே ஒரு மாத்திரையைப் பற்றியது. அந்த மாத்திரையின் பெயரை நம்மில் பலர் கேட்டிருக்க மாட்டோம். ஆனால் அந்தத் தீர்ப்பு நம் தெரு மருந்துக் கடை வரை வந்து நிற்கிறது. ஆகவே அதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நோயும் மருந்தும்

ரத்தப் புற்றுநோயில் பல வகை உண்டு. ஒரு வகை மெள்ள மெள்ள வளரும். வெள்ளை அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும். சில ஆண்டுகளில் ஆளைச் சாய்த்துவிடும்.

1960-ம் ஆண்டில், அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு புதுமையைக் கண்டார்கள். இந்த நோயாளிகளின் அணுக்களில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருந்தது. அந்தக் கோளாறினால் ஒரு கெட்ட புரதம் உண்டாகிறது. அதுதான் "பெருகு, பெருகு" என்று அணுக்களை விரட்டுகிறது என்பது பின்னால் தெரிந்தது.

அந்தப் புரதத்தின் வாயை அடைக்க ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் இமாட்டினிப். சுவிட்சர்லாந்து நாட்டு நோவார்ட்டிஸ் கம்பெனி அதைக் "கிளிவெக்" என்ற பெயரில் விற்றது. 2001-ல் அமெரிக்க சர்க்கார் அதற்கு அனுமதி அளித்தது.

அது பெரிய கண்டுபிடிப்பு. அதில் சந்தேகமே இல்லை. நாள் குறித்துவிட்டார்கள் என்று வீட்டார் கலங்கி நின்ற நோயாளிகள் எழுந்து வேலைக்குப் போனார்கள். தினமும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு பல ஆண்டுகள் வாழ்கிறார்கள்.

ஆனால் டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. அங்கேதான் சங்கடம்!

லட்ச ரூபாய் மாத்திரை

வழக்கு நடந்த காலத்தில், கிளிவெக் மாத்திரைக்கு மாதம் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் ஆயிற்று. ஆண்டுக்கு 14 லட்சத்துக்கு மேல்!

அதே மருந்தை நம் நாட்டுக் கம்பெனிகளும் தயாரித்தன. அவற்றின் விலை மாதம் சுமார் 8 ஆயிரம் முதல் 10 ஆயிரம் ரூபாய்.

ஒரே மருந்து. ஒன்று வாங்க வீட்டை விற்க வேண்டும். மற்றது வாங்க வயிற்றைக் கட்ட வேண்டும். இரண்டும் கஷ்டந்தான். ஆனாலும் இரண்டாவது வழியில் நோயாளி பிழைப்பான். குடும்பமும் தெருவுக்கு வராது.

இந்த இரண்டாவது வழி திறந்திருக்கலாமா, அதை அடைத்துவிடலாமா? இதுதான் வழக்கு.

பேடண்ட் என்றால் என்ன?

பேடண்ட் என்பதைத் தமிழில் காப்புரிமை என்கிறோம். அதைப் புரிந்துகொள்ள ஒரு கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம். ஒருவர் சொந்தப் பணத்தைப் போட்டுக் கிணறு வெட்டுகிறார். பாறை வருகிறது; வெடி வைக்கிறார். மூன்று இடம் தோண்டி ஏமாந்து, நாலாவது இடத்தில் தண்ணீர் காண்கிறார்.

"20 ஆண்டுகளுக்கு இதில் இறைப்பவர்கள் எனக்குக் காசு தர வேண்டும். பிறகு ஊருக்குப் பொது" என்கிறார். ஊரார் சம்மதிக்கிறார்கள். இது நியாயந்தான். இல்லாவிட்டால் அடுத்த கிணறு வெட்ட யார் முன்வருவார்?

20 ஆண்டு முடிகிற சமயம். அவர் கிணற்றுக்கு ஒரு புது ராட்டினம் மாட்டுகிறார். "இப்போது கயிறு சுலபமாக ஓடுகிறது. ஆகவே இது புதுக் கிணறு. இன்னும் 20 ஆண்டுகளுக்குக் காசு கொடுங்கள்" என்கிறார்.

ஊரார் ஒப்புவார்களா? ராட்டினத்துக்கு வேண்டுமானால் கூலி கொடுப்பார்கள். கிணற்றை மறுபடி எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

ஒரு நீதிபதியின் அறிக்கை

சுதந்திரம் வந்த பிறகும் வெள்ளைக்காரர் காலத்து 1911-ம் ஆண்டுப் பேடண்ட் சட்டமே நம் நாட்டில் நடப்பில் இருந்தது. அதை ஆராயும் பொறுப்பு என்.ராஜகோபால அய்யங்காரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் சென்னை ஐகோர்ட்டு நீதிபதி. பிற்பாடு சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாகவும் ஆனார். 1959-ல் அவர் தம் அறிக்கையைக் கொடுத்தார்.

அந்த அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு 1970-ல் புதுச் சட்டம் வந்தது. மருந்துக்கும் உணவுப் பொருளுக்கும் பேடண்ட் இல்லை. அவற்றைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே பேடண்ட் என்றாயிற்று. வேறு முறை கண்டுபிடித்தால், அதே மருந்தை யாரும் தயாரிக்கலாம். நம் நாட்டு மருந்துக் கம்பெனிகள் வளர்ந்தது இதனால்தான்.

1995-ல் உலக வர்த்தக நிறுவனம் ஏற்பட்டது. இந்தியாவும் அதில் சேர்ந்தது. "2005 ஜனவரி முதல் மருந்துக்கும் 20 ஆண்டு பேடண்ட் கொடுக்கிறோம்" என்று ஒப்புக்கொண்டது.

சட்டத்தைத் திருத்தும்போது பார்லிமெண்டு ஒரு காவலும் வைத்தது. அதுதான் 3-வது பிரிவின் (டி) உட்பிரிவு. "முன்பே தெரிந்த ஒரு பொருளை வேறு வடிவத்தில் கொண்டுவந்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது. பலன் கூடியிருந்தால்தான் ஆகும்." இதுவே அதன் கருத்து. நம் பாஷையில் சொன்னால், புது ராட்டினம் புதுக் கிணறு அல்ல!

சென்னையில் தொடங்கிய வழக்கு

இமாட்டினிப் மருந்தின் ஒரு படிக வடிவத்துக்குப் பேடண்ட் கேட்டு, நோவார்ட்டிஸ் கம்பெனி 1998-ல் சென்னைப் பேடண்ட் ஆபீசில் மனுச் செய்தது. நம் நாட்டு மருந்துக் கம்பெனிகள் அதை எதிர்த்தன. பம்பாயிலுள்ள புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் எதிர்த்தது. 2006 ஜனவரியில் மனு தள்ளுபடி ஆயிற்று.

கம்பெனி சென்னை ஐகோர்ட்டுக்குப் போயிற்று. "3-வது பிரிவின் காவலே அரசியல் சட்டத்துக்கு விரோதம்" என்று வாதாடியது. 2007 ஆகஸ்டில் ஐகோர்ட்டு அதை ஏற்க மறுத்தது. "பலன்" என்றால் நோயைக் குணப்படுத்துவதில் உள்ள பலன் என்று விளக்கமும் கூறியது. 2009-ல் அப்பீல் வாரியமும் பேடண்ட் கொடுக்க மறுத்தது.

கடைசியாக 2013 ஏப்ரல் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. "பேடண்ட் கிடையாது" என்று முடித்துவிட்டது.

கம்பெனி சொன்ன நியாயம்

ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கம்பெனியின் கட்சியையும் கேட்போம்.

"புதிய படிக வடிவம் ஈரத்தை அதிகம் இழுக்காது; கெடாமல் இருக்கும். உடம்பில் 30 சதவிகிதம் அதிகமாகச் சேருகிறது. சுமார் 40 நாடுகள் பேடண்ட் கொடுத்திருக்கின்றன. இந்தியாவில் மூல மருந்துக்கே எங்களுக்குப் பேடண்ட் கிடைக்கவில்லை. வாங்க முடியாத ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு இலவசமாகவே கொடுக்கிறோம். பேடண்ட் இல்லாவிட்டால் புது மருந்துக்கு யார் பணம் போடுவார்கள்?" இதுதான் அவர்கள் கட்சி.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆராய்ச்சிக்குப் பெரும் பணம் வேண்டும். மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதிக்கும் பத்து மருந்துகளில் ஏறத்தாழ ஒன்றுதான் கடைக்கு வந்து சேருகிறது.

ஆனாலும் தீர்ப்பு சரி என்பதே என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன்.

ஈரம் இழுக்காத மாத்திரை நல்ல மாத்திரைதான். ஆனால் அது நோயை முன்னைவிட நன்றாகக் குணப்படுத்துகிறதா? அதைக் கம்பெனி ருசுப்படுத்தவில்லை. உடம்பில் அதிகம் சேருகிறது என்பது மட்டும் போதாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது.

மூல மருந்து 1995-க்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு இங்கே பேடண்ட் இல்லை என்பது எல்லா நாடுகளும் கூடிப் போட்ட ஒப்பந்தத்தின் விளைவு. முன் வாசலில் கிடைக்காததைக் கொல்லை வாசலில் கேட்கலாமா?

இலவசமாகக் கொடுத்தது நல்ல காரியம். அதைப் பாராட்டுவோம். ஆனால் தருமம் வேறு, உரிமை வேறு. கொடுப்பவர் மனம் மாறினால் தருமம் நின்றுபோகும். கடையில் நியாய விலைக்குக் கிடைக்கும் மருந்துக்கு யாரிடமும் கை கட்டி நிற்க வேண்டியதில்லை.

அதே கேள்வி மறுபடியும்

வழக்கு முடிந்தது, கேள்வி முடியவில்லை.

காச நோயில், வழக்கமான மருந்துக்கு அடங்காத வகை ஒன்று உண்டு. அதற்கான புது மருந்து பெடாகுவிலின். அதன் மூல பேடண்ட் 2023 ஜூலையில் முடிவதாக இருந்தது. மருந்தின் உப்பு வடிவத்துக்கு இன்னொரு பேடண்ட் கேட்டு ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனி மனுச் செய்தது. அது கிடைத்திருந்தால் 2027 வரை வேறு யாரும் தயாரிக்க முடியாது. அதை எதிர்த்தவர்கள் யார் தெரியுமா? காச நோயிலிருந்து பிழைத்து எழுந்த இரண்டு பெண்கள்! 2023 மார்ச்சில் பேடண்ட் ஆபீஸ் அந்த மனுவைத் தள்ளிவிட்டது.

குழந்தைகளின் தசையை நலிய வைக்கும் பரம்பரை நோய் ஒன்று. அதற்கான மருந்து ரிஸ்டிப்ளாம். ரோச் கம்பெனியின் மருந்து, பாட்டில் ஒன்று சுமார் 6 லட்சம் ரூபாய். நம் நாட்டு நாட்கோ கம்பெனி அதைத் தயாரிக்க முன்வந்தது. வழக்கு முடியும்வரை நாட்கோவுக்குத் தடை போட டில்லி ஐகோர்ட்டு 2025-ல் மறுத்தது. சுப்ரீம் கோர்ட்டும் தலையிடவில்லை. நாட்கோ வைத்த விலை 15,900 ரூபாய். இங்கும் கேள்வி, "இது புதியதா, முன்பே சொன்னதிலிருந்து யூகிக்கக்கூடியதா?" என்பதுதான்.

வாசற்படியில் கட்டணமா?

பேடண்ட் கொடுப்பதற்கு முன்பே அதை எதிர்த்து மனுக் கொடுக்க யாருக்கும் உரிமை உண்டு. வக்கீலாகவோ கம்பெனி முதலாளியாகவோ இருக்க வேண்டியதில்லை. நோயாளியும் கொடுக்கலாம். அந்தப் பெண்கள் ஜெயித்தது இந்த உரிமையால்தான்.

2024-ல் சர்க்கார் விதிகளைத் திருத்தியது. இப்போது எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணம் உண்டு. மனு விசாரணைக்கு ஏற்றதா என்று அதிகாரி முதலில் தீர்மானிப்பார். பொய்ப் பெயரில் மனுப் போட்டு வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்கள் என்பது கம்பெனிகளின் புகார்.

பொய் மனுப் போடுகிறவரைப் பிடிக்கட்டும், அபராதமும் போடட்டும். ஆனால் நோயாளியிடமும் நோயாளிகள் சங்கத்திடமும் வாசற்படியிலேயே காசு கேட்பது நியாயம் அல்ல. அவர்களுக்காவது இந்தக் கட்டணத்தை நீக்க வேண்டும்.

மலிவு என்றால் மட்டமா?

"மலிவு மருந்தை நம்பலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

2025-ல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்து 20-க்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. அந்த மருந்து நம் காஞ்சீபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்திருந்தது. இதற்கும் பேடண்டுக்கும் சம்பந்தம் இல்லை. சோதனை செய்யாமல் மருந்து வெளியே போனதுதான் காரணம். அந்தக் குற்றத்துக்கு மன்னிப்பே கிடையாது.

சோதனை ஒழுங்காக நடந்தால் மலிவு மருந்தும் நல்ல மருந்தே. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் ஏற்பட்டது. அது மருந்தை மொத்தமாக வாங்கி, சோதனைக்கு அனுப்பி, தேறிய பிறகே சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கிறது. வேறு ராஜ்யங்களும் இந்த முறையைப் பார்த்துப் பின்பற்றின.

ஆகவே இரண்டு காவல்கள் வேண்டும். விலை ஏறாமல் பார்க்கப் பேடண்ட் சட்டம். விஷம் கலக்காமல் பார்க்க மருந்துச் சோதனை. ஒரு காவல்காரன் தூங்கினாலும் நஷ்டம் நமக்குத்தான்.

நீங்கள் செய்யக்கூடியது

அடுத்த முறை டாக்டர் சீட்டு எழுதும்போது, மருந்தின் மூலப் பெயரைக் கேளுங்கள். "இதே மருந்து குறைந்த விலையில் கிடைக்குமா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். டாக்டர் சரி என்றால் மாற்றுங்கள்; நீங்களாக மாற்றாதீர்கள். வாங்கிய மருந்துக்கு ரசீது கேளுங்கள். அட்டையில் உள்ள தேதியையும் தயாரிப்பு எண்ணையும் பாருங்கள். எழுத்துத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

மருந்து கண்டுபிடித்தவருக்குக் கூலி கொடுப்போம். நிறைவாகவே கொடுப்போம். ஆனால் ஒரு கண்டுபிடிப்புக்கு ஒரு முறைதான்!