மழை பெய்யும் பாலைவனம்

பாலைவனம் வரையச் சொன்னால் மாணவர்கள் ஒட்டகத்தை வரைவர். மழையின்மையே காரணம் என்றும் எழுதுவர். ஆயின், ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழியும் நம் கிந்தா பள்ளத்தாக்கிலும் வெண்மணற் பாலை உண்டு.

ஈயலம்பங்கள் விட்டுச்சென்ற மணல் அது. லம்பத்தில் நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, சாய்வான மரக்கால்வாயில் ஓடவிட்டனர். கனமான ஈயத்தாது அடியில் தங்கியது; நுண்ணிய களிமண் நீரோடு அகன்றது; எஞ்சிய மணலைக் குவித்தனர். ஈரத்தையும் உரத்தையும் பிடித்து வைப்பவை களிமண்ணும் மட்கிய தழையுமே. அவை போனபின் எத்துணை மழை பெய்தென்ன? ஓட்டைக் குடத்தில் வார்த்த நீர்தான். நண்பகலில் அங்கே வெறுங்காலோடு நடந்தவர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1985-இல் ஈய விலை சரிந்து லம்பங்கள் பல மூடப்பட்டன. மணலில் லாலான் புல் வேரூன்றியது. தோண்டிய பள்ளங்கள் ஈயக்குட்டைகளாகி மீன் பெருகவே, பத்து காஜா பக்கம் நாரைகள் கூடு கட்டின. கோழியெருவைக் கொட்டிக் கொட்டிக் கொய்யாவும் காய்கறியும் விளைவித்தோரும் உளர். ரப்பர் நிரைகளுக்கிடையே மூடுபயிர்க் கொடியை ஏன் வளர்த்தனர் என்று வீட்டுப் பெரியோரைக் கேளுங்கள். மழை மேல்மண்ணை அரித்துச் செல்லாதிருக்கவே.

இரண்டு பால் டின்களின் அடியில் துளையிட்டு, ஒன்றில் லம்பத்து மணலையும் மற்றதில் தோட்டத்து மேல்மண்ணையும் நிரப்பி, ஒரே அளவு நீர் ஊற்றிப் பாருங்கள். எந்த டின் முதலில் ஒழுகி முடிகிறது என்பதைக் குறித்துவைத்து, வகுப்பில் கூறுங்கள்.