முட்டைத் தட்டும் கம்ப்யூட்டரும்

நாமக்கல் என்றதும் முட்டைதான் நினைவுக்கு வரும். அங்கே முட்டைகளை அட்டைத் தட்டில் அடுக்குவார்கள். ஒரு தட்டில் 5 வரிசை, வரிசைக்கு 6 குழி, மொத்தம் 30. "3-வது வரிசை, 4-வது குழி" என்று சொன்னால் போதும். தேட வேண்டியதில்லை, கை நேராக அங்கே போகும்.

கம்ப்யூட்டரின் நினைவகத்திலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. அதற்கு 'அணி' என்று பெயர். ஒரே வகை விவரங்களை அடுத்தடுத்த அறைகளில் வைப்பார்கள். ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண். அறைகள் 30 ஆனாலும் 30 லட்சம் ஆனாலும், எண்ணைச் சொன்னால் உடனே எடுத்துவிடலாம்.

எல்லை தாண்டினால் ஆபத்து!

1972-ல் பிறந்த 'சி' மொழியில் முதல் அறையின் எண் 1 அல்ல, 0. ஆகவே, 30 அறைகளில் கடைசி அறையின் எண் 29. 30 என்று எழுதினால் தட்டுக்கு வெளியே போய்விடும்! 'சி' மொழி அதைத் தானாகத் தடுக்காது. பக்கத்தில் இருக்கும் வேறு விவரம் அழிந்துபோகலாம்.

1988-ல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை முடக்கியது 'மோரிஸ் புழு'. அது உள்ளே நுழைந்த வழிகளில், அறை கொள்ளாத அளவுக்கு விவரத்தைத் திணித்ததும் ஒன்று.

ஜாவா, பைத்தான் போன்ற மொழிகள், இல்லாத அறையைக் கேட்டால் "தவறு" என்று சொல்லி நிறுத்திவிடும். 'சி' மொழியில் எழுதுகிறவரோ தாமே எண்ணிப் பார்க்க வேண்டும்.

குழியை எண்ணாமல் முட்டையை வைத்தால் உடையத்தானே செய்யும்!