மாமா வீசிய ஈ!

மீன் கிலோ என்ன விலை என்று கேட்டு, பத்து ரூபாய் குறைத்து, "செதில் எடுத்துக் குடுங்க" என்று வாங்கி வருகிற கட்சி நான். பி.காம். படித்தவனுக்கு அதுதான் அழகு. ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கம்பும் நூலும் வாங்கி, முழங்கால் தண்ணீரில் நாள் முழுக்க நின்று, கிடைத்த ஒரே மீனையும் தடவிக் கொடுத்துத் திரும்பத் தண்ணீரிலேயே விடுகிற ஆசாமிகள் இருக்கிறார்களாம். இதைப் பேரேட்டில் வரவில் எழுதுவதா, செலவிலா?

இந்த விளையாட்டுக்குப் பெயர் 'ஃப்ளை ஃபிஷிங்'. ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கும் மாமா மகன் புண்ணியத்தில் அது பழநி பக்கத்துப் பாலசமுத்திரத்துக்கும் வந்து சேர்ந்தது. ஒன்பதடிக் கம்பு, நாலு துண்டாக, துணி உறைக்குள். அத்தை பிரித்துப் பார்த்துவிட்டு, "ஒட்டடை அடிக்கவா இதைப் போய் அனுப்பியிருக்கான்?" என்றார்.

மாமா ரிட்டயர்டு பஸ் டிரைவர். கொடைக்கானல் மலைப்பாதை அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஓய்வு பெற்ற மறு வருஷம் நெஞ்சில் ஆபரேஷன். "இனிமே எல்லா வேலையும் செய்யலாம், நல்லா நடங்க" என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. மாமாதான் நாற்காலியை விடவில்லை. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்கினால் உள்ளே ஏதோ பிரிந்துவிடும் என்று பயம். சட்டையைக்கூட அத்தைதான் மாட்டிவிட வேண்டும். எட்டு மாசமாக இதே கதை. அத்தை சமையலறையில் தனியாக அழுததை நானே பார்த்திருக்கிறேன்.

நம்ம ஊர்த் தூண்டிலில் புழுவும் ஈயக் குண்டும்தான் நைலான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே எல்லாம் தலைகீழ். முள்ளில் இருப்பது இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய் ஈ. அதற்கு எடையே கிடையாது. கல்லை எறியலாம், பஞ்சை எறிய முடியுமா? அதனால் எடையை நூலில் வைத்துவிட்டார்கள். தடிமனான, மேலே பிளாஸ்டிக் பூசிய நூல். கம்பைப் பின்னால் வீச வேண்டும். நூல் முதுகுக்குப் பின்னால் முழுசாக நீளும் வரை ஒரு கணம் சும்மா இருக்க வேண்டும். பிறகு முன்னால். அந்த 'சும்மா இருப்பது'தான் வித்தை. அவசரப்பட்டால் சாட்டை மாதிரி 'சடீர்' என்று சத்தம் வரும், ஈ அறுந்து போகும். தாமதித்தால் நூல் தரையில் விழுந்துவிடும்.

டாக்டருக்குப் போன் போட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, அறுவடை முடிந்த வயலில் பழகினோம். முள் இல்லாமல்தான். நான் ஒரு மணி நேரம் போராடியும் நூல் என் கழுத்தைத்தான் சுற்றியது. வரப்பில் உட்கார்ந்திருந்த மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"மாப்ளே, கிளட்ச்சைப் பட்டுனு விடுறே. இப்படிக் கொண்டா."

வாங்கினார். வீசினார். நூல் ஆகாசத்தில் ஒரு வளையம் போட்டு, அவிழ்ந்து, சத்தமில்லாமல் போய் விழுந்தது. கை தோளுக்கு மேலே போனதை அவர் கவனிக்கவே இல்லை. நானும் மூச்சு விடவில்லை.

வரலாறு சின்னதல்ல. மாசிடோனியாக்காரர்கள் தூண்டில் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகும் சுற்றி மீன் பிடித்ததை ஏலியன் என்பவர் சுமார் 1800 வருஷங்களுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். நம் நீலகிரிக்கு இது வெள்ளைக்காரர்களோடு வந்தது. அவர்களுக்கு இங்கே இருந்த மீன் போதவில்லை; ட்ரவுட்தான் வேண்டும். 1863ல் பிரான்சிஸ் டே என்ற ராணுவ டாக்டர் முட்டைகளைக் கொண்டுவர முயன்று தோற்றார். பிறகு எச்.சி. வில்சன் காலத்தில்தான் காரியம் நடந்தது. அவலாஞ்சியில் 1907ல் குஞ்சு பொரிப்பகம் வந்தது. ட்ரவுட்டுக்குச் சில்லென்ற தண்ணீர் வேண்டும். பழநி வெயிலில் அது குழம்பு வைக்காமலே வெந்துவிடும்!

எங்களுக்குக் கிடைத்தது ஒரு தென்னந்தோப்புக் குட்டை. சொந்தக்காரர் மாமாவின் சிநேகிதர். (பாலாறு - பொருந்தலாறு அணை பக்கத்தில்தான் இருக்கிறது, அங்கே மீனுக்கு அனுமதி, கணக்கு என்று ஆயிரம் உண்டு.) மகன் அனுப்பிய டஜன் ஈக்களும் ஒரே வாரத்தில் தென்னங்கீற்றில் தொங்கின. அப்புறம் சொந்தத் தயாரிப்பு. மயில் தோகை இழைதான் ஈயின் உடம்பு. மேல்நாட்டில் இந்த வேலைக்கு அதிகம் தேடுவதும் அதைத்தானாம். முருகன் ஊரில் உதிர்ந்த தோகைக்கா பஞ்சம்! காலுக்கு அத்தையின் சேவல் கழுத்து இறகு. சேவல் சம்மதம் கேட்கப்படவில்லை.

இறகு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மலைக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியின் சேவலுக்குக் கழுத்தில் மெழுகு சொட்டின மாதிரி மஞ்சள் புள்ளிகள் உண்டு. சால்மன் மீனுக்கான ஈயில் அதுதான் கண். அந்தப் புள்ளிக்காகவே ஏராளமான காட்டுச்சேவல்கள் தோலுரிக்கப்பட்டுக் கப்பலேறின. 1960களின் கடைசியில் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. நல்ல காரியம். பெயிண்ட் பொட்டு வைத்தால் மீனுக்குத் தெரியவா போகிறது?

ஒன்பதாம் நாள் சாயங்காலம் மாமாவின் ஈ பாசி ஓரமாக விழுந்தது. 'பளிச்'சென்று தண்ணீர் உடைந்தது. கம்பு வில்லாக வளைந்தது. "மாப்ளே... மாப்ளே...!" உள்ளங்கை அகல ஜிலேபிக் கெண்டை. ஸ்காட்லாந்துச் சட்டப்படி அதை விட்டுவிட மாமா குனிந்தார். தோப்புக்காரர் பதறிவிட்டார்.

"அட, அந்தச் சனியனை எதுக்கு விடுறீங்க? மத்த மீனை வளரவிடாம பெருகிட்டுக் கிடக்கு. எடுத்துட்டுப் போங்க!"

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. காவிரியின் திமில் கொண்ட மஹசீர், அழியும் விளிம்பில் இருப்பதாக 2018ல் பட்டியலில் சேர்க்கப்பட்ட மீன். அது மாட்டினால் விடத்தான் வேண்டும். ஜிலேபிக் கெண்டை 1952ல் இந்தியாவுக்குள் வந்து, குளம் குளமாகக் குடியேறிய விருந்தாளி. அது குழம்புக்குப் போகலாம்.

போனது. மறுநாள் காலை மாமா தானே சட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அத்தை அதைப் பற்றி மூச்சுகூட விடவில்லை. சேவலைக் கூடையால் மூடிவிட்டு, "இனிமே இது மேல கை வச்சீங்கன்னா பாருங்க" என்று மட்டும் சொன்னார்.