‘நிர்வாகம் பொறுப்பல்ல’

தஞ்சாவூரில் பிள்ளையைக் கால்பந்துப் பயிற்சியில் சேர்க்கப் போனால் முதலில் ஒரு தாளை நீட்டுவார்கள். பெயர், வகுப்பு, இரத்த வகை, ஆதார் எண், அப்பாவின் செல்பேசி எண். எல்லாவற்றுக்கும் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் ஒரு வரி: ‘பயிற்சியின்போது ஏற்படும் காயத்துக்கோ உயிரிழப்புக்கோ நிர்வாகம் பொறுப்பல்ல.’ அக்கா மகனைச் சேர்க்கப் போன இடத்தில் அதைப் படித்துவிட்டு நான் தயங்கினேன். “எல்லா எடத்துலயும் இப்படித்தான்டா போட்டிருப்பாங்க” என்று அக்கா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

அவள் சொன்னது சரிதான், எல்லா இடத்திலும் அப்படித்தான் போடுகிறார்கள். ஆனால் அந்த வரிக்கு அவர்கள் நினைக்கிற பலம் சட்டத்தில் இல்லை. கால்பந்து ஆடினால் முட்டி சிராய்க்கும், கணுக்கால் பிசகும். அது ஆட்டத்தோடு வருவது. அதற்காக யார்மீதும் வழக்குப் போட முடியாது. தரையோடு பிணைக்காத இரும்புக் கோல்போஸ்ட் பிள்ளைமேல் சாய்வது வேறு. அது கவனக்குறைவு. கோல்போஸ்ட், நகர்த்தக்கூடியதாக இருந்தாலும், தரையில் உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது கால்பந்தின் முதல் ஆட்டவிதியிலேயே இருக்கிறது. நான்காம் விதி ஷின்கார்டைக் கட்டாயமாக்குகிறது. விதியை மீறிவிட்டு, ‘நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்களே’ என்று தப்பிக்க முடியாது.

கட்டணம் வாங்கிக்கொண்டு பயிற்சி தருவது ஒரு சேவை. அதில் குறை இருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இருக்கிறது. குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. இதில் ஒரு முடிச்சு உண்டு. பள்ளியே தன் கல்வியோடு சேர்த்து நடத்தும் விளையாட்டு நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, தனிப் பயிற்சி நிலையங்கள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020இல் சொல்லியிருக்கிறது. ஆகவே ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பள்ளி மைதானத்தில் நடந்தாலும் பணம் வாங்குவது வெளிக் கழகமாக இருக்கலாம். பைசா வாங்காத ஊர்க் கழகம் என்றால் இந்த வழி பொருந்தாது. ஆனால் கவனக்குறைவால் ஓர் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு இலவசம், கட்டணம் என்று பார்ப்பதில்லை.

சட்டம் கிடக்கட்டும், மைதானத்துக்கு வருவோம். நம் பக்கத்துக் கால்பந்துக்கு என்று ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. தை, மாசியில் அறுவடை முடிந்ததும், உளுந்து தெளிக்காத வயலெல்லாம் மைதானம்தான். சவுக்குக் கம்பு நட்டால் கோல். கோடையில் அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பக்கம் எழுவர் கால்பந்துத் தொடர்கள் களைகட்டும். ஜூன் 12 மேட்டூர் திறப்பு மரபு. அடுத்த சில நாளில் கல்லணை திறக்கும். அதுவரை ஆற்று மணலில் ஆடிய பிள்ளைகளுக்கு அத்தோடு இடம் போய்விடும். ஆபத்துகளும் இந்தப் பஞ்சாங்கத்தை ஒட்டியே வருகின்றன, ஆனால் எந்தக் கழகத்தின் படிவத்திலும் இவற்றைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

அறுத்த வயலில் தாள் ஈட்டி மாதிரி நிற்கும். எலி வளையும் நண்டு வளையும் கணுக்காலை வாங்கும். எலி இருக்கிற இடத்தில் பாம்பு இருக்கும். வரப்போரம் போன பந்தைக் கையை விட்டுத் துழாவாமல் கம்பால் தள்ளி எடுக்கச் சொல்லுங்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு 108ஐ அழைக்க வேண்டும். பாம்புக்கடியை 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. மழைத் தண்ணீர் தேங்கிய தரையில் வெறுங்காலோடு ஆடியவனுக்கு ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலை நினைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். சேற்றில் ஆடினான் என்று அவரிடம் நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பயம் தருவது பந்து தண்ணீரில் விழுவது. புது ஆறு என்று நாம் சொல்லும் கல்லணைக் கால்வாய் தஞ்சாவூர் ஊருக்குள்ளேயே ஓடுகிறது. மேலே பார்த்தால் சாதுவாகத் தெரியும். சிமென்ட் பூசிய சரிவில் கால் வழுக்கினால் பிடித்து ஏற ஒரு புல்கூடக் கிடையாது. அந்த நேரத்தில் பிள்ளை ஆழத்தை நினைப்பதில்லை. ‘பந்து போனால் நீதான் வாங்கித் தரணும்’ என்று அண்ணன்மார் சொன்னதுதான் காதில் இருக்கும். ஆற்றங்கரையோரம் பயிற்சி நடத்துகிற கழகத்திடம் கேட்க வேண்டியது மூன்றே விஷயம்: கரைப் பக்கம் வலை கட்டியிருக்கிறதா, கூடுதல் பந்து இருக்கிறதா, தண்ணீரில் விழுந்த பந்துக்குப் பிள்ளை போகக் கூடாது, அதற்குக் காசும் கேட்கக் கூடாது என்று விதி இருக்கிறதா.

சித்திரை, வைகாசியில் வெயில். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. செயற்கைப் புல் டர்ஃப் இன்னும் மோசம், மண் தரையைவிடச் சூடாகும். காலை எட்டு மணிக்குள் பயிற்சியை முடித்துவிடுவது நல்லது. தண்ணீர் குடிக்கக் கேட்டவனை ‘இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடு’ என்று விரட்டுகிற கோச்சிடம் பிள்ளையை விடாதீர்கள். ஆடுகிறவன் தள்ளாடி, பேச்சுக் குழறினால் அது வெப்பத்தாக்கு. 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். பம்புசெட்டுத் தொட்டி பக்கத்தில் இருந்தால் தலையை வெளியே தாங்கிப் பிடித்தபடி கழுத்துவரை தண்ணீரில் உட்காரவையுங்கள். இல்லையென்றால் குடம் குடமாக ஊற்றுங்கள். இடிச் சத்தம் கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி கட்டடத்துக்குள் போக வேண்டும், தனிமரத்தடி கூடாது.

தலையால் முட்டுவது பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. அமெரிக்காவில் 2015இலேயே, 10 வயதும் அதற்குக் குறைவும் உள்ளவர்கள் தலையால் ஆடக் கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தில் 2020 முதல் ஆரம்பப் பள்ளி வயதினருக்குப் பயிற்சியில் அது கிடையாது. இங்கே எட்டு வயதுப் பையனைத் தொடர்ந்து ‘ஹெட்’ போடச் சொல்கிறார்கள். தலையில் அடிபட்டு மயக்கம், வாந்தி, தலைவலி வந்தவன் அன்றைக்கு மறுபடி இறங்கக் கூடாது. இறுதிப் போட்டியாக இருந்தாலும்.

எலும்பு விஷயத்தில் நம் பழக்கமே ஓர் ஆபத்து. கால் வீங்கினால் எக்ஸ்ரே எடுக்கும் முன்பே கட்டு வைத்தியரிடம் போகிறோம். பிள்ளைகளின் எலும்பு முனையில் வளர்ச்சித் தட்டு என்று மெல்லிய குருத்துப் பகுதி இருக்கிறது. அது முறிந்ததைச் சுளுக்கு என்று நினைத்து உருவிக் கட்டினால் கால் கோணலாகவோ கட்டையாகவோ வளரக்கூடும். இறுக்கிய கட்டு அதைவிடக் கொடியது. 2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவர் மூட்டுத் தசைநார்க் காயத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அதன்பின் இறுக்கமாகப் போடப்பட்ட கட்டால் இரத்த ஓட்டம் தடைபட்டது. காலை எடுத்தும் காப்பாற்ற முடியவில்லை. இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். மருத்துவமனையிலேயே இது நடக்கும் என்றால் மூங்கில் பத்தைக் கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கட்டுப் போட்ட காலின் விரல் நீலம் பாய்ந்தாலோ, சில்லிட்டாலோ, மரத்துப்போனாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ, நடுராத்திரி என்றாலும் மருத்துவமனைக்குப் போய்க் கட்டைத் தளர்த்துங்கள். ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் உள்ள குடும்பம் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை முன்பே எடுத்து வைத்திருங்கள். கழகம் குழு விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறதா என்று கேட்பதும் உங்கள் உரிமை.

அடுத்தது நம் வீட்டில் வாய்திறந்து பேசாத விஷயம். 2021இல் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் கைதானார். 2022இல் 17 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்கள் அணியின் உதவிப் பயிற்சியாளர் ஐரோப்பியப் பயணத்தின்போது எழுந்த புகாரில் நீக்கப்பட்டு, அவர்மீதும் போக்சோ வழக்குப் பதிவானது. நாட்டின் அணியிலேயே இப்படி என்றால், வேனில் ஏற்றி வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பும் நாம் இரண்டு கேள்வியாவது கேட்க வேண்டாமா? கூட யார் போகிறார்கள், யாரோடு தங்குகிறார்கள்? பெண் பிள்ளைகள் அணியோடு பொறுப்பான பெண் ஒருவர் போக வேண்டும். கோச் தனியறையில் மசாஜ் செய்வது, இரவில் தனியாக வாட்ஸ்அப்பில் பேசுவது கூடாது. போக்சோ ஆண் பிள்ளைக்கும் பொருந்தும். ‘பையன்தானே’ என்று விடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம்; நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வைத்து, போலீசார் சீருடை இல்லாமல் வந்துதான் வாங்க வேண்டும். ‘ஒரு அறை வெச்சாத்தான் சார் ஆட்டம் வரும்’ என்கிற கோச்சுக்கும் சட்டம் இருக்கிறது: பொறுப்பில் உள்ள குழந்தையை வதைப்பதற்குச் சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவு 3 ஆண்டு வரை சிறை சொல்கிறது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இலவசம், எந்த நேரமும் அழைக்கலாம்.

இந்தப் பயத்தாலேயே பெண் பிள்ளையை வீட்டோடு நிறுத்திவிடாதீர்கள். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், கடலூரிலிருந்து போய் இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் ஆனார். மைதானத்தில் கழிப்பறையும் உடை மாற்ற இடமும் கேளுங்கள். பல பெண்கள் எட்டாம் வகுப்போடு ஆட்டத்தை விடுவது அவை இல்லாததால்தான்.

காசு விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை நிச்சயம்’ என்று முன்பணம் கேட்டால் நடையைக் கட்டுங்கள். அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு உண்மைதான், ஆனால் சான்றிதழைச் சரிபார்த்துத்தான் கொடுப்பார்கள். அசல் மதிப்பெண் சான்றிதழையோ மாற்றுச் சான்றிதழையோ கழகத்திடம் கொடுக்காதீர்கள், நகல் போதும். ‘மூன்று வருஷம் வேறு கழகத்துக்கு ஆட மாட்டேன்’ என்று பதினைந்து வயதுப் பையன் போட்ட கையெழுத்து செல்லாது. வயது வராதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903இலேயே தீர்ப்பான விஷயம். வயதைக் குறைத்து இன்னொரு பிறப்புச் சான்றிதழ் வாங்கச் சொல்கிறவரும் உண்டு. மணிக்கட்டு எக்ஸ்ரேயில் அது பிடிபடும், தடை விழுவது பிள்ளைக்கு. அதற்கு முன்பே, பதினாறு வயதுக்காரன் பன்னிரண்டு வயதுக்காரன்மேல் மோதி யாருடைய காலோ ஒடிந்திருக்கும்.

கட்டணத் தகராறுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் சட்ட உதவி எண் 15100. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமலேயே இலவச சட்ட உதவி உண்டு. அரசு மைதானம் என்றால் அன்னை சத்யா விளையாட்டரங்கத்தில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஊர் மைதானத்துக்குக் கிராம சபை இருக்கிறது, ஆண்டுக்கு ஆறு தடவை கூடுகிறது. ஊராட்சிக்கு அரசு கொடுத்த கலைஞர் விளையாட்டு உபகரணப் பெட்டி எந்த அறையில் பூட்டிக் கிடக்கிறது என்பதையும் அங்கேயே கேட்கலாம்.

இந்த வருஷம் பதிவைப் புதுப்பிக்கும்போது அக்கா அந்தப் பொடி எழுத்து வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் ‘கட்டு வைத்தியரிடம் கூட்டிப் போகக் கூடாது, முதலில் எனக்குப் போன் செய்யவும்’ என்று எழுதிக் கொடுத்தாள். அலுவலகத்துப் பையன் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான், பிறகு கோப்பில் போட்டுக்கொண்டான். கோல்போஸ்ட்டுக்கு மட்டும் இன்னும் மணல் மூட்டை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே இரண்டு சாக்கு கொண்டுபோவதாக இருக்கிறேன்.